வியர்வையா, எண்ணெய்ப் பிசுக்கா? தலைக்குக் குளிக்காத நாளுக்கு எது சரி

கோரிமேட்டில் எங்கள் வீடு. எனக்கு வேலை ஏற்காட்டில், ஒரு பள்ளியில். காலை பஸ் அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி என்னை இறக்கிவிடும்போது, கீழே விட்டுவந்த சேலம் வேறு ஏதோ ஊர் மாதிரித் தோன்றும். தம்பி மனைவிக்கு வேலை நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில். அம்மாப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போய்வருகிறாள். இரண்டு பேருக்கும் இடுப்பைத் தொடும் முடி. இரண்டு பேருமே செவ்வாய், வெள்ளி என்று வாரத்தில் இரண்டு நாள்தான் தலைக்குக் குளிக்கிறோம். நடுவில் வரும் புதனும் வியாழனும், அப்புறம் ஞாயிறும் திங்களும்தான் பாடு.

டிசம்பரில் நான், தண்ணீர் ஊற்றாமலே தலைப் பிசுக்கைப் போக்கும் டிரை ஷாம்பு ஸ்பிரே ஒன்று வாங்கினேன். நன்றாகவே வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் அவளிடமும் சொல்லிவைத்தேன். ஏப்ரலில் அவள் அதையே வாங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவள், திரும்பக் கடைக்குப் போகும் முன் அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். சாயங்காலம் போன் வந்தது. "அண்ணி, உங்களுக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் வேர்ல எல்லாம் களி மாதிரி ஒட்டிக்கிச்சு? சீப்பே இறங்க மாட்டேங்குது."

அதே டப்பாதான். முடியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். அப்படியிருந்தும் ஒருத்திக்கு ஒத்துவந்தது, இன்னொருத்திக்கு வரவில்லை. காரணம் தேடிப்போனபோதுதான், ஸ்பிரேயா பவுடரா என்று யோசிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று என்று புரிந்தது. இரண்டு குளியலுக்கு நடுவில் உங்கள் தலையைக் கெடுப்பது வியர்வையா, எண்ணெயா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

டிரை ஷாம்பில் வேலை செய்கிற பொருள் ஸ்டார்ச்தான். அது எண்ணெயில் என்ன ஆகும், வியர்வையில் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு தட்டில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு ஸ்பூன் மரவள்ளி ஸ்டார்ச் வையுங்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு மாவு என்போம். ஒரு குவியலில் மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். இன்னொன்றில் அரை ஸ்பூன் உப்புத் தண்ணீர். எண்ணெய் விழுந்த குவியலை விரல் நுனியால் தேய்த்தால், எண்ணெய் மாவுக்குள் போய் மறைந்துவிடும். மாவு ரவை மாதிரி உதிரி உதிரியாக ஆகும். தட்டைச் சாய்த்துத் தட்டினால் கொட்டிவிடும், விரலில் பிசுக்கு தங்காது. தண்ணீர் விழுந்த குவியலைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தினால் கல் மாதிரி இறுகும், விரலை எடுத்தால் ஒழுகும். மின்விசிறிக்குக் கீழே வைத்து, காய்ந்த பிறகு வந்து பார்த்தால் வெள்ளைப் பொருக்காகத் தட்டோடு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்ட வேண்டும்.

தம்பி மனைவியின் தலையில் நடந்தது இரண்டாவது குவியல். ஏப்ரல், மே மாதங்களில் சேலம் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் ஹெல்மெட்டுக்குள் இருந்த தலையில் வேர்க்கால் முழுக்க நனைந்திருக்கும். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர், அதோடு கொஞ்சம் உப்பு. அதன் மேல் ஸ்டார்ச் விழுந்தால் பசையாகாமல் என்ன செய்யும்? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருப்பதைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. அங்கே எனக்கு வேர்ப்பதில்லை. ஒவ்வொரு முடியின் வேரையும் ஒட்டி இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாம் நாள் வகிடு ஓரம் பளபளக்கும், முன் முடி ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றை கற்றையாகத் தொங்கும். டிரை ஷாம்பு கண்டுபிடிக்கப்பட்டதே இந்தப் பிசுக்குக்காகத்தான்.

மூன்றாவது ஒரு நிலைமையும் உண்டு. நம் வீடுகளில் அதுதான் அதிகம். தினமும் காலையில் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்துச் சீவிப் பின்னுகிறவர்கள். அந்த அளவு எண்ணெயை எந்த டிரை ஷாம்பும் உறிஞ்சாது. மாவைக் கொட்டக் கொட்டத் தலை சாம்பல் பூத்தது போல ஆகுமே தவிர, பிசுக்கு போகாது. தினம் எண்ணெய் வைப்பது உங்கள் வழக்கம் என்றால் இந்தச் செலவே உங்களுக்கு வேண்டாம். தலைக்குக் குளிக்கும் நாளுக்கு முந்தின இரவு எண்ணெய் வைத்து, மற்ற நாள் விட்டுப் பாருங்கள். சில வாரத்தில் நடுநாட்களின் நிலைமையே மாறிவிடும்.

டப்பாவுக்குள் இருப்பது நம் ஊர்ச் சரக்கு

ஸ்பிரே டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது ஒருமுறை படியுங்கள். பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரொப்பேன் என்று வாயுக்கள் இருக்கும். ஆல்கஹால் இருக்கும். வாசனை இருக்கும். வேலை செய்கிற பொருள் என்று பார்த்தால் அரிசி ஸ்டார்ச், இல்லாவிட்டால் மரவள்ளி அல்லது சோள ஸ்டார்ச். சிலவற்றில் அலுமினியம் ஸ்டார்ச் ஆக்டெனைல்சக்சினேட் என்று நீளமாக ஒரு பெயர் வரும். அதுவும் ஸ்டார்ச்தான், தண்ணீரை விலக்கி எண்ணெயைப் பிடிக்கும்படி பக்குவப்படுத்தியது. சிலிக்கா, வெள்ளைக் களிமண் வகையான கயோலின் ஆகியவையும் வருவதுண்டு.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆத்தூர்ப் பக்கம் போனால் சாலையோரம் சேகோ மில்களின் களத்தில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருப்பது இந்த ஸ்டார்ச்தான். குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய விட்டால் அடியில் படிவது. அதை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி, அப்படியே காயவைத்தால் ஸ்டார்ச். ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981 இல் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பெயர் போட்டு வரும் பொருளின் மூலச் சரக்கு நம் வீட்டு வாசலில் கிடைக்கிறது என்பதால், வாங்குவதா, வீட்டிலேயே செய்துகொள்வதா என்ற கேள்வி சேலத்தில் இயல்பாகவே வருகிறது.

ஸ்டார்ச் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். துகள் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. அரிசி ஸ்டார்ச்சின் துகள் சுமார் 3 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). மரவள்ளி 4 முதல் 35 மைக்ரான் வரை போகும். துகள் சிறியதாக இருந்தால் அதே எடைக்குப் பரப்பு கூடுதல், தலையில் நறநறப்பும் தெரியாது. கடைப் பொருளில் அரிசி ஸ்டார்ச் அதிகம் வருவதற்கு இது முக்கியக் காரணம். அதற்காக வீட்டு அரிசி மாவை எடுத்துத் தலையில் போட்டுவிடாதீர்கள். மாவில் ஸ்டார்ச்சோடு புரதமும் மற்றதும் சேர்ந்திருக்கும், எவ்வளவு சலித்தாலும் கரகரப்பாகவே இருக்கும். வேரில் போய் உட்கார்ந்தால் எடுப்பது கஷ்டம்.

ஸ்பிரே: சௌகரியம் உண்டு, நிபந்தனையும் உண்டு

நியாயமாகச் சொன்னால், வேலை சுத்தம் என்று பார்த்தால் ஸ்பிரேதான் முதலில் நிற்கும். மெல்லிய படலமாக விழுகிறது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேரில் மட்டும் அடித்து, இரண்டு நிமிடம் விட்டுவிட்டு விரலால் கோதிச் சீவினால் போதும். அடிக்கும்போது ஜில்லென்று இருப்பது மருந்தின் மகிமை இல்லை, டப்பாவில் திரவமாக அடைத்த வாயு ஆவியாகும் குளிர்ச்சி. அவசரக் காலையில் இதன் அருமை தெரியும்.

எனக்கு மனம் ஒப்பாதது மூன்று விஷயம். முதலாவது செலவு. நான் வாங்கிய 200 மில்லி டப்பா ஐந்நூறு ரூபாயைத் தாண்டியது. என் முடிக்கு ஒரு மாதம்கூட வரவில்லை. குட்டை முடிக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு நாள் வரலாம்.

இரண்டாவது, தீ. உள்ளே இருப்பது நம் சமையல் எரிவாயுவின் சொந்தக்காரர்கள். கேஸ் அடுப்பு எரியும்போது சமையலறை வாசலில் நின்று அடிப்பது, சாமி விளக்குக்கு முன்னால் நின்று அடிப்பது, சாம்பிராணி போட்ட கையோடு அடிப்பது எல்லாம் ஆபத்து. ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். மே மாத வெயிலில் கடை வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அதற்குக் கீழே டிக்கிக்குள் இந்த டப்பாவை வைக்கக் கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. தம்பி மனைவி அங்கேதான் வைத்திருந்தாள். கேட்டதும் எனக்குப் பகீர் என்றது.

மூன்றாவது பென்சீன். 2021 டிசம்பரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும், 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனமும் அமெரிக்காவில் தங்கள் ஸ்பிரே வகை டிரை ஷாம்புகள் பலவற்றைத் திரும்பப் பெற்றன. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. யாரும் வேண்டுமென்று சேர்த்ததில்லை. பெட்ரோலியத்திலிருந்து வரும் அந்த வாயுக்களோடு கலப்படமாக வந்தது என்றே கருதப்பட்டது. கண்ட அளவால் உடல்நலப் பாதிப்பு எதிர்பார்க்கப்படவில்லை என்றுதான் நிறுவனங்கள் சொன்னன. ஆனாலும் வாரம் நான்கு நாள், கதவைச் சாத்திய சின்ன அறையில், மூக்குக்கு அருகில் அடிக்கிற பொருள் இது. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும் பெரிய பிள்ளைகள் என்னிடம் கேட்டபோது, குளிருக்கு ஜன்னலைச் சாத்திவைத்துப் பத்துப் பேர் படுக்கும் அறையில் ஸ்பிரே வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னேன். ஊருக்குப் போகும் நாளில் திறந்த வராந்தாவில் ஒருமுறை அடித்துக்கொள்வதில் தப்பில்லை.

பவுடராக வருவது

வாயு இல்லாமல், மூடியில் துளை போட்ட டப்பாவில் பவுடராகவும் டிரை ஷாம்பு கிடைக்கிறது. உள்ளிருப்பது அதே ஸ்டார்ச், கூடக் கொஞ்சம் களிமண், வாசனை. தீப் பயம் குறைவு, பென்சீன் கவலை இல்லை, டப்பா நாள்பட வரும். சிலவற்றில் சமையல் சோடா சேர்க்கிறார்கள். அதை மட்டும் நான் தவிர்ப்பேன். தலைத்தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். சுமார் 5.5. சோடா காரம். ஒருநாள் பட்டால் ஒன்றுமில்லை, வாரக்கணக்கில் பட்டால் வறட்சியும் அரிப்பும் வரும்.

பவுடரின் கஷ்டம் நம் கருப்பு முடியில் தெரியும் வெள்ளைப் பூச்சு. கொஞ்சம் கூடினாலும் வகிட்டில் விபூதி கொட்டியது போல இருக்கும். கருமுடிக்கென்று நிறம் சேர்த்து விற்பதும் உண்டு, ஆனால் அது தலையணை உறையிலும் வெள்ளைச் சட்டைக் காலரிலும் ஏறும். கொஞ்சமாக எடுத்து நன்றாகச் சீவுவதே எனக்குச் சரியாக வந்தது.

அப்படியானால் வீட்டு ஸ்டார்ச்? இப்போது நான் பயன்படுத்துவது அதுதான். மளிகைக் கடையில் பாக்கெட்டில் வரும் உணவுத் தர மரவள்ளி ஸ்டார்ச். அரைக் கிலோ வாங்கினால் நான்கைந்து மாதம் ஓடுகிறது. கூவைக்கிழங்கு மாவு கிடைத்தால் அதுவும் நல்லது. மூட்டையைப் பிரித்து உதிரியாக விற்கும் ஸ்டார்ச்சை மட்டும் வாங்காதீர்கள். நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடவும், அட்டைப் பெட்டி ஒட்டும் பசைக்கும் போகிற சரக்கு அதில் கலந்திருக்கலாம். வெண்மை கூட்ட ரசாயனம் போட்டதாக ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்தி மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்தியைச் சேலத்தில் நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கண் கூசுகிற வெள்ளையைவிட லேசாகப் பழுப்பு ஓடிய வெள்ளை நல்லது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மஸ்லின் துணியிலோ பழைய வாயில் சேலைத் துண்டிலோ இரண்டு முறை சலித்து, ஈரம் படாத டப்பாவில் போட்டுவைக்கிறேன். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடுபனி நாளில் அரை மணி திறந்து வைத்தாலே மாவு கட்டி கட்டியாகிவிடும். காலையில் முடியை நாலு பாகமாகப் பிரித்து, கன்னத்துக்குப் பவுடர் போடும் பெரிய பிரஷ்ஷால் தொட்டு, வகிடு, காதுக்கு மேல், பிடரி என்று வேரில் மட்டும் ஒற்றுகிறேன். மொத்தம் ஒரு டீஸ்பூன். பிறகு டிபன் டப்பா கட்டப் போய்விடுவேன். கால் மணி கழித்து வந்து, தலையைக் கவிழ்த்து விரல் நுனியால் தேய்த்து உதறி, நெருங்கிய பல் சீப்பால் சீவினால் மாவு எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும். சீப்பைப் பார்த்தாலே தெரியும், பல்லுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் சேர்ந்திருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு தூவ வேண்டும். வீசிங் தொந்தரவு இருப்பவர்களுக்குப் பவுடரும் வேண்டாம். இதுவும் அடுப்பு எரியும் இடத்தில் செய்கிற வேலை இல்லை, பறக்கும் ஸ்டார்ச் தூசும் தீப்பிடிக்கும்.

பலர் கேட்கும் சந்தேகம் ஒன்று: அடுத்த நாள் வெந்நீரில் குளித்தால் தலையிலேயே கஞ்சி காய்ச்சியது போல ஆகாதா? ஆகாது. ஸ்டார்ச் கஞ்சியாக இறுகக் கிட்டத்தட்ட 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நாம் தலையில் ஊற்றும் வெந்நீர் நாற்பதைச் சுற்றித்தான் இருக்கும். முதல் சொம்புத் தண்ணீரிலேயே பெரும்பாலான மாவு பால் மாதிரி ஓடிவிடும்.

முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தலையில் தட்டிக்கொள்வது நம் ஊரில் பழைய வழக்கம். அவசரத்துக்கு உதவும்தான், ஆனால் நான் நிறுத்திவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024 இல் டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் என்ற பட்டியலில் சேர்த்தது. டால்க் கலந்த குழந்தைப் பவுடரை உலகம் முழுக்க விற்றுவந்த ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2023 இல் அதை நிறுத்திவிட்டுச் சோள ஸ்டார்ச்சுக்கு மாறிவிட்டது. ஸ்டார்ச்சே கையில் இருக்கும்போது டால்க் எதற்கு?

கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர்தான்

வெயில் காலத்தில் சேலத்துக்குள் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு மேலே சொன்ன எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வியர்வையின் உப்பு தண்ணீரில்தான் கரையும். முழுத் தலைக் குளியல் தேவையில்லை. தம்பி மனைவிக்கு இப்போது ஒத்துவந்திருப்பது இதுதான்: பின்னலை அவிழ்க்காமல் உச்சியில் சுற்றிக் கிளிப் போட்டுவிட்டு, நெற்றியோரம், காதோரம், பிடரி மூன்றையும் மட்டும் குனிந்து நின்று இரண்டு சொம்புத் தண்ணீரில் அலசுவது. ஷாம்பு இல்லை. துண்டால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் இருந்தால் அந்த வெயிலுக்குக் காய்ந்துவிடும். நீள முடியை முழுக்க அலச இரண்டு வாளியாவது வேண்டும். குழாயில் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் அது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். இரண்டு சொம்பு யாருக்கும் பாரமில்லை.

அந்த இரண்டு சொம்பும் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீராக இருந்தால் நல்லது. போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புத் தண்ணீர். அதிலேயே தினமும் அலசினால் முடி நார் மாதிரி விறைத்துப் போகும்.

ஹெல்மெட்டையும் மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு உறையைக் கழற்ற முடிந்தால் மாதம் இரண்டு முறை துவைத்து வெயிலில் போடுங்கள். தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் மெல்லிய பருத்திக் கைக்குட்டை ஒன்று கட்டிக்கொண்டால் பாதி வியர்வையை அது வாங்கிக்கொள்ளும். இந்தக் கைக்குட்டை ஒன்றே அவளுக்கு அந்த ஐந்நூறு ரூபாய் டப்பாவைவிட அதிகம் உதவியது.

இதே அலசலை நான் ஏற்காட்டுக்குப் போகும் நாளில் செய்து பட்டிருக்கிறேன். ஒரு டிசம்பர் காலை ஐந்து மணிக்கு அலசி, அரைகுறையாகக் காய்ந்ததைப் பின்னிக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி மலைக்கு மேல் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத மூடுபனி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்னலை அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம். மழைக்காலத்தில் மடித்துவைத்த துணியின் மக்கல் வாடை. மலையில் அன்றாடம் இருக்கிறவர்களுக்கு ஈரத் தலை ஒரு நாள் முழுக்கத் தொல்லை. காய்ந்த முறை அவர்களுக்குத்தான் அவசியம்.

சாம்பிராணிப் புகை காட்டுவதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஈரத்தை ஆற்றும், வாசம் தரும், பிசுக்கை எடுக்காது. அவ்வளவுதான். சிகைக்காய்த் தூளையோ அரப்புத் தூளையோ காய்ந்தபடியே தலையில் தூவலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. வேண்டாம். அவற்றில் நுரை தரும் சபோனின் தண்ணீரோடு சேர்ந்தால்தான் அழுக்கை எடுக்கும். காய்ந்த தூள் கண்ணில் பட்டால் எரிச்சல், மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல். ஆனால் குளிக்கும் நாளில் அவற்றுக்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. உசில மரத்து இலையிலிருந்து வரும் அரப்பு எங்கள் பக்கத்துப் பொருள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் ஸ்டார்ச் மிச்சம் மீதி எல்லாம் போய்விடும், முடியும் வறளாது.

எந்த முறையானாலும் இரண்டு குளியலுக்கு நடுவில் இரண்டு தடவைக்கு மேல் மாவு போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அது அழுக்கை எடுப்பதில்லை, எண்ணெயைப் பிடித்து வைக்கிறது. சீப்பில் வராத மிச்சம் தலைத்தோலிலேயே இருக்கும். பொடுகு இருப்பவர்கள், புண் அல்லது செதில் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தலைத்தோலின் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அதற்கு அடிக்கடி கழுவுவதுதான் வழி, தள்ளிப்போடுவது இல்லை. ஆண்களுக்கும் குட்டை முடி வைத்திருப்பவர்களுக்கும் இந்த யோசனையெல்லாம் தேவையே இல்லை, தினம் ஒரு சொம்பு ஊற்றினால் ஆயிற்று.

டிரை ஷாம்பின் முழு அருமை எனக்குத் தெரிந்தது அம்மாவால். போன ஐப்பசி மழையில் வாசற்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம். உட்காரவைத்து உடம்புக்கு ஈரத்துணியால் துடைத்துவிடலாம், தலைக்கு ஊற்ற வழியில்லை. நான்காம் நாளே தலை நமைக்குது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, தோளில் பழைய துண்டைப் போட்டு, வேரில் ஸ்டார்ச் ஒற்றி, நெருங்கிய பல் சீப்பால் மெல்லச் சீவினேன். "இத்தன வருஷம் இதுல வடாம்தான் போட்டிருக்கேன் கண்ணு" என்றார். நரை முடியில் வெள்ளைப் பூச்சும் தெரியவில்லை. இரண்டு தடவைக் கணக்கை அம்மாவுக்காக மட்டும் தளர்த்தி, மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படி. நடுவில் ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து தலைத்தோலை ஒற்றி எடுப்போம், அன்றைக்கு மாவு கிடையாது. இதே அம்மாவுக்கு அதற்கு முந்தின வருஷம் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது நான் பவுடர் பக்கமே போகவில்லை. கண்ணில் தூசு விழக் கூடாத நாட்கள் அவை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, முகத்தில் ஒரு சொட்டும் படாமல் இன்னொருவர் அலசிவிடுவதே அப்போது சரி.

ஆறு வாரத்தில் ஒருநாள்கூட அம்மா தலை பிசுக்காக இருக்கிறது என்று சொல்லவில்லை. நமைச்சலும் அடங்கித்தான் இருந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று, ஆட்டோவிலிருந்து இறங்குவதற்கு முன்பே கேட்டார்: "வெந்நி ரெண்டு வாளி போட்டு வெச்சியா? அரப்பு இருக்குதா?"